சுழலாமல் இறுகிய நட்சத்திரத் தட்டு

மட்டக்களப்பு வாவிக்காற்றில் பழைய சுழல் நட்சத்திர வரைபடங்கள் (சாளரம் வெட்டிய மேல்தட்டைச் சுழற்றி அந்நேர வானத்தைக் காணும் இரட்டை அட்டைத் தட்டுகள்) இறுகிப்போவது வழமை. லண்டன் வரைபடப் பதிப்பகமான பிலிப்ஸின் தயாரிப்பான எனது பிரதியில் தட்டுகளை மையத்தில் இணைக்கும் பித்தளை ரிவெட் களிம்பேறி, அட்டையும் உப்பியிருந்தது. எண்ணெய் விடக்கூடாது, அட்டை குடித்துக் கறையாகும். வெயிலில் வைத்தால் சுருளும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வைத்து, உப்பல் இறங்கியதும் இரு தட்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, ஓரத்திலிருந்து மையம்வரை மெதுவாக விடுவித்தேன். ரிவெட்டைத் தொடவில்லை, அது மாறினால் சேகரிப்பாளர் மதிக்கமாட்டார். கிழிசலுக்குக் கோதுமை மாப்பசையும் ஜப்பானியத் தாளும் போதும். செலோடேப் வேண்டவே வேண்டாம்.

நம் வானத்தோடு பொருந்தாதது பழுதல்ல. அதன் சாளரம் லண்டனின் 51½° வட அகலாங்குக்கு வெட்டியது, இங்கே 7.7°. துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து ஏறக்குறைய 8 பாகைதான், தென்சிலுவையோ தட்டிலேயே இல்லை.