கோல் எடுத்தால் கறுக்கும் ஸ்கிரீன்: ப்ரொக்சிமிட்டி சென்சரில் செய்யக்கூடாதவை

"கோல் எடுத்தாப் போதும், ஸ்கிரீன் கறுத்துப் போகுது. திரும்ப வருதில்ல." டிஸ்பிளே மாற்றிய போன்கள் இந்த முறைப்பாட்டோடுதான் கல்முனை, காத்தான்குடி, மட்டக்களப்புக் கடைகளுக்குத் திரும்பி வரும். காது கிட்ட வந்ததைக் கண்டு கோலின்போது ஸ்கிரீனை அணைக்கவைப்பது ப்ரொக்சிமிட்டி சென்சர். உடனே அதை இயக்கும் மென்பொருளான ட்ரைவரைத் திறந்து எண்களை மாற்றப் போகாதீர்கள். முதலில் டயல் பண்ணித் திறக்கும் டெஸ்ட் மெனுவில் சென்சரைப் பாருங்கள்: சாம்சங்கில் *#0*#, ஷியோமியில் *#*#6484#*#*.

சென்சர் அகச்சிவப்பு ஒளியை வீசி, திரும்பி வருவதை அளக்கிறது. எதிரில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கண்ணாடியில் பட்டுக் கொஞ்சம் திரும்பும். அதுதான் அடிப்படை அளவு. சென்சரைச் சுற்றி வரும் ரப்பர் தடுப்பை மாட்ட மறந்தால், சென்சர் துளையில் பசையோ தூசியோ இருந்தால், மலிவு டெம்பர் கிளாஸ் துளையை மூடினால் அது ஏறும். 0 முதல் 255 வரை அளக்கும் சென்சரில் 20 ஆக இருந்தது 110 ஆகிவிட்டது என்று வையுங்கள். "கிட்ட" எல்லை 100 என்றால், அந்தப் போனுக்கு எந்நேரமும் காது பக்கத்தில்தான்.

இந்த இடத்தில் பலர் அகச்சிவப்பை வீசும் எல்ஈடியின் மின்னோட்டத்தைக் கூட்டுவார்கள். ஏபிடிஎஸ்-9960 போன்ற சென்சர் சிப்பில் 12.5 முதல் 100 மில்லிஅம்பியர் வரை போகலாம். ஆனால் கண்ணாடியில் பட்டு வருவதும் அதே விகிதத்தில் கூடும். 255இல் முட்டிய பிறகு கை வைத்தாலும் எடுத்தாலும் ஒரே எண்தான்.

ரப்பரைச் சரிசெய்து, துடைத்து, வாடிக்கையாளர் பாவிக்கப்போகும் டெம்பரை ஒட்டிய பிறகே கலிபரேஷன் (அடிப்படை அளவை அளந்து எல்லைகளைப் பதிவது) செய்யுங்கள். வாசல் வெயில் விழும் மேசையில் வேண்டாம். போனுக்கு முன்னால் விரலோ விளக்கோ இருக்கக்கூடாது. அடிப்படை 50 என்றால் கிட்டவுக்கு 120, தூரத்துக்கு 90 என இரண்டு எல்லை வையுங்கள். ஒரே எண்ணை இரண்டுக்கும் வைத்தால் ஸ்கிரீன் மின்னி மின்னி அணையும். உள்ளங்கையால் மட்டும் சோதித்து விட்டுவிடாதீர்கள். கருத்த முடி ஒளியைக் குறைவாகவே திருப்பும். காதோரம் வைத்தும் பாருங்கள்.

கஸ்டம் ரொம் (கம்பனி தராத, வெளியார் மாற்றிய மென்பொருள்) போடுபவர்களின் தவறுகள் வேறு. சிப்போடு பேசும் ஐ2சி இணைப்பின் முகவரியில், அன்ட்ரொய்டின் அடியில் ஓடும் லினக்ஸ் கேட்பது 7 பிட். ஏபிடிஎஸ்-9960க்குப் பதினாறடி எண்ணில் 39 என்று கொடுக்கவேண்டிய இடத்தில் அதன் 8 பிட் வடிவமான 72 என எழுதினால் சிப்பே அகப்படாது. நிலை மாறியது என்று சிப் தரும் சமிக்ஞையான இன்டரப்ட் வந்ததும், அது வந்ததைக் குறிக்கும் கொடியை (flag) துடைக்காவிட்டால், முதல் தடவையோடு சரி.

ஸ்கிரீன் திரும்பாததற்கு ட்ரைவர் பக்கம் இரண்டு காரணங்களைத்தான் முதலில் பார்ப்பது நல்லது. ஒன்று, போன் உறங்கப் போகையில் ட்ரைவர் சென்சரின் மின்சாரத்தையும் வெட்டிவிடுவது. கோலில் இருக்கும்வரை அது விழித்திருக்கவேண்டும். அதன் இன்டரப்டுக்குப் போனை எழுப்பும் அனுமதியும் வேண்டும். மற்றது நுணுக்கமானது. ட்ரைவர் கிட்ட 0, தூரம் 1 என்று சொல்லும். ஆகக்கூடிய தூரம் 5 சென்டிமீற்றர் எனப் பதிந்திருந்தால், அன்ட்ரொய்ட் 5க்குக் குறைந்த எல்லாவற்றையும் கிட்ட என்றே எடுக்கும். 1உம் கிட்டதான்! ஆகவே தூரம் என்பதை 5 ஆக மாற்றி அனுப்புங்கள். சென்சரை இயக்கியதும் அப்போதைய நிலையை ஒருதரம் அனுப்பவும் வேண்டும்.

சில புதிய மொடல்களில் இந்தச் சிப்பே கிடையாது. காதுபக்க ஸ்பீக்கரும் மைக்கும் கேளா ஒலியால் அந்த வேலையைச் செய்கின்றன. அங்கே ஸ்பீக்கர் வலையில் மணலும் அழுக்கும் அடைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்.