கிராம்ப்ஸில் ஆண், பெண் வயது வரைபடம் போடுவது எப்படி?

குடும்ப மரத்தில் மூன்று, நான்கு தலைமுறை சேர்ந்துவிட்டால், நம் வீட்டு ஆண்களும் பெண்களும் எத்தனை வயதுவரை வாழ்ந்தார்கள் என்று பார்க்கத் தோன்றும். இலவச மென்பொருளான கிராம்ப்ஸில் இதற்கென்றே ஒரு ரிப்போர்ட் இருக்கிறது.

மெனுவில் 'ரிப்போர்ட்ஸ்', அதற்குள் 'கிராபிகல் ரிப்போர்ட்ஸ்', அதற்குள் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார்ட்ஸ்'. பாலினத்தில் முதலில் ஆண்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். வரைபடப் பட்டியலில் 'ஏஜ் அட் டெத்' மட்டும் இருக்கட்டும். பெயர்வாரியாக (இங்கே பெயர் என்பது வயதுதான்) வரிசைப்படுத்தச் சொன்னால் வயதுகள் ஒழுங்காக வரும்.

அடுத்து பிறந்த ஆண்டு வரம்பு. இதை யோசித்து வையுங்கள். 1960இல் பிறந்தவர்களில் பலர் இன்றும் நலமாக இருக்கிறார்கள். அவர்களில் இறந்தவர்கள் மட்டும் கணக்கில் வந்தால், அந்தத் தலைமுறையே சீக்கிரம் போய்விட்டதுபோலத் தெரியும். அதனால் எல்லோரும் காலமாகிவிட்ட தலைமுறையோடு நிறுத்துங்கள். 1880 முதல் 1920 வரை என்று வைக்கலாம். பிறந்த ஆண்டு தெரியாதவர்களையும் சேர்க்கும் தேர்வை டிக் செய்யுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் வரைபடத்திலேயே வரமாட்டார்கள். அப்புறம் அதே வரம்பில் பெண்களுக்கும் எடுங்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் வயதுகளைப் பார்க்காதீர்கள். தேதி இல்லாதவர்களின் பட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் பெண்கள் பக்கம்தான் அது நீளமாக இருக்கும். பழைய பத்திரங்களில் ஆண்கள் பெயர்தானே அதிகம்! அந்தப் பாட்டிகளை விட்டுவிட்டு ஒப்பிடுவது நியாயமில்லை. பெரியவர்களிடம் கேளுங்கள். 'பிரமாதி வருஷம் பிறந்தவள்' என்றால் அது 1879 அல்லது 1939. தலைப்பிள்ளையின் வயதை வைத்து எது என்று முடிவு செய்யலாம். தை, மாசி, பங்குனி மாதம் (அல்லது மார்கழியின் பிற்பாதி) என்றால் ஒரு வருடம் கூட்டிக்கொள்ளுங்கள். உறுதியில்லாத ஆண்டைத் தோராயம் என்று குறித்தே பதிவு செய்யலாம். பிறந்த சில நாளில் இறந்த குழந்தைகளையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் விடுபட்டால் வரைபடம் எல்லோரையும் நீண்ட ஆயுள்காரர்களாகக் காட்டும்.

கிராம்ப்ஸ் ஒவ்வொரு வயதுக்கும் தனிப் பட்டை போடும். பத்து பத்து வயதாகப் பார்க்க, மரத்தை சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளில் திறவுங்கள். இறந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து, வயதுத் தொகுதிவாரியாக ஆண், பெண் எண்ணிக்கையை எடுங்கள். ஆண்கள் எண்ணிக்கைக்கு மைனஸ் போட்டு, கிடைமட்ட அடுக்குப் பட்டை வரைபடம் தேர்ந்தெடுத்தால் ஆண்கள் இடப்பக்கமும் பெண்கள் வலப்பக்கமும் விரிவார்கள். அச்சின் எண் வடிவத்தை 0;0 என்று மாற்றினால் மைனஸ் குறி மறைந்துவிடும்.