தூள் உப்பு போட்டால் மாவு பொங்காதா? வீட்டுச் சந்தேகத்தை ஆய்வுக் கேள்வியாக்கும் வழி

கல்லூரி புராஜெக்டுக்கு என்ன எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், ‘நீர் மாசுபாடு’, ‘சமூக ஊடகமும் இளைஞர்களும்’ என்று பதில் வரும். இவை தலைப்புகள். இவற்றை வைத்து நாற்பது பக்கம் நிரப்பலாம், வைவாவில் ‘என்னப்பா கண்டுபிடிச்ச?’ என்று கேட்டால் முழிக்க வேண்டியதுதான். ஆய்வுக்கு வேண்டியது கேள்வி. அதுவும் சோதித்துப் பார்த்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய கேள்வி. அதை எப்படிச் செதுக்குவது என்று ஒரே ஒரு உதாரணத்தை வைத்துக் கடைசிவரை பார்ப்போம்.

படி 1: சந்தேகத்தைப் பிடியுங்கள்

பெரிய விஷயம் தேடி அலைய வேண்டாம். ‘அயோடின் கலந்த தூள் உப்பு போட்டா இட்லி மாவு சரியாப் பொங்காது, கல் உப்புதான் போடணும்’ என்று பல வீடுகளில் சொல்வார்கள். உண்மையா? இது போதும். நல்ல சந்தேகத்துக்கு ஒரு அடையாளம் உண்டு: இரண்டு பேர் அதைப் பற்றி எதிரெதிராகச் சண்டை போட முடியும். ‘இட்லி மாவும் நுண்ணுயிரிகளும்’ என்ற தலைப்பைப் பற்றி யாரும் சண்டை போட மாட்டார்கள்.

படி 2: ‘ஏன்’ என்று தொடங்காதீர்கள்

‘மாவு ஏன் பொங்கவில்லை?’ என்று கேட்டால் குளிர், பழைய உளுந்து, தண்ணீர் அதிகம், உப்பு அதிகம் என்று பத்துக் காரணம் வரிசை கட்டும். பத்தையும் ஒரு பருவத்தில் சோதிக்க முடியாது. ஒன்றை மட்டும் எடுத்து ‘இதை மாற்றினால் அது மாறுமா?’ என்று திருப்புங்கள். நம் முதல் வடிவம்: ‘தூள் உப்பு போட்டால் மாவு புளிக்காமல் போகுமா?’

இது இன்னும் பச்சை மாவுதான்.

படி 3: ஒவ்வொரு சொல்லையும் உடையுங்கள்

அதிக நேரம் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலோர் தாண்டிக் குதிப்பதும் இங்கேதான்.

‘புளிக்காமல்’ என்றால் என்ன? மாவில் இரண்டு வேலை நடக்கிறது. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன, அதனால் புளிப்பு. அவற்றில் லியூகோநாஸ்டாக் போன்றவை கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடுகின்றன, அதனால் மாவு பொங்குகிறது. ‘நல்லா வந்துச்சு’ என்று எழுதினால் எதை அளந்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பொங்குவதை அளப்பது எளிது: நேரான சுவர் கொண்ட கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மாவு ஊற்றி, வெளியே ஸ்கேலை ஒட்டி, எத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று பாருங்கள். புளிப்பைத்தான் பார்க்க வேண்டுமென்றால் பிஎச் தாள் இருக்கிறது.

அடுத்து ‘தூள் உப்பு’. இதில் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. கடைக்குப் போய்க் கல் உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், அதிலும் ‘அயோடின் கலந்தது’ என்று அச்சாகியிருக்கும். இந்தியாவில் நேரடி உணவுக்கு அயோடின் இல்லாத உப்பு விற்க 2006 முதல் தடை. ஆகவே கல் உப்பையும் தூள் உப்பையும் ஒப்பிட்டால் அயோடினை ஒப்பிட்டதாக ஆகாது. இன்னொன்று, ஒரு ஸ்பூன் தூள் உப்பு நெருக்கமாக நிரம்பும், ஒரு ஸ்பூன் கல் உப்பில் நடுநடுவே இடைவெளி அதிகம். ஸ்பூன் கணக்கில் போட்டால் தூள் உப்பு எடையில் கூடிவிடும். உப்பு கூடினால் பாக்டீரியா மந்தமாகும். வீட்டில் சொல்லும் கதை உண்மையாகவே இருந்தாலும், காரணம் அயோடினாக இல்லாமல் அளவாக இருக்கலாம் அல்லவா?

ஆகவே ‘தூள் உப்பு’ போய் ‘அயோடின் கலந்த உப்பு’ வருகிறது, ஸ்பூன் போய் கிராம் வருகிறது. ஒப்பிட, வேதியியல் லேபில் இருக்கும் சோடியம் குளோரைடு, அதாவது அயோடின் சேர்க்காத உப்பு. (அந்த மாவில் இட்லி ஊற்றிச் சாப்பிட்டுவிடாதீர்கள்.) கறாராகப் பார்த்தால் பாக்கெட் உப்பில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும். அயோடினை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் லேப் உப்பில், அயோடினுக்காகச் சேர்க்கும் பொட்டாசியம் அயோடேட்டை அளந்து சேர்க்க வேண்டும். முதல் ஆய்வுக்கு அவ்வளவு வேண்டாம்.

படி 4: எதோடு எதை?

1854-இல் லண்டனில் காலரா வந்தபோது, தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ நம்பினார். ‘தண்ணீர் காலராவைப் பரப்புகிறதா?’ என்று பொதுவாகக் கேட்டிருந்தால் வாதம் முடிந்திருக்காது. ஏழை வட்டாரம், நெரிசல், கெட்ட காற்று என்று எதிர்த்தரப்பு ஏதாவது சொல்லும். தென் லண்டனின் சில பகுதிகளில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் கொடுத்தன. லாம்பெத் கம்பெனி 1852-இல் தேம்ஸ் நதியில் நகரக் கழிவு கலக்கும் இடத்துக்கு மேல்புறமாகப் போய் நீர் எடுக்கத் தொடங்கிவிட்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி நகரத்துக்குள்ளேயே எடுத்தது. அதனால் ஸ்னோவின் கேள்வி ‘எந்தக் கம்பெனித் தண்ணீர் போன வீடுகளில் எத்தனை சாவு?’ என்று சுருங்கியது. பத்தாயிரம் வீடுகளுக்கு சவுத்வார்க் பக்கம் 315, லாம்பெத் பக்கம் 37. மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, ஒன்று மட்டும் வேறாக இருந்ததால்தான் அந்த எண்கள் பேசின.

நமக்கும் அதே விதி. ஒரே தடவையில் அரைத்த மாவு, ஒரே அளவு ஜாடி, ஒரே தெர்மாகோல் பெட்டிக்குள் ஒரே சூடு. மாற்றுவது உப்பின் வகையை மட்டும். பாடப்புத்தகத்தில் இதைச் சாரா மாறி என்றும், அளக்கும் உயரத்தைச் சார்ந்த மாறி என்றும் சொல்வார்கள்.

200 கிராம் மாவுக்கு 2 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் சமையலறைத் தராசு கைகொடுக்காது, அது ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும். 50 கிராம் உப்பைத் தண்ணீரில் கரைத்து மொத்தம் 500 மில்லி ஆக்கி, அதில் 20 மில்லி அளந்து ஊற்றுங்கள். சரியாக 2 கிராம். கல்லா தூளா என்ற வேறுபாடும் கரைந்து போய்விடும்.

படி 5: எது வந்தால் தோற்பீர்கள்?

சோதனைக்கு முன்பே எழுதி வையுங்கள். பாக்கெட் உப்பில் அயோடின் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. 2 கிராமுக்கு 30 மைக்ரோகிராம். இத்தனூண்டு அயோடின் மாவைத் தடுக்காது என்பது என் ஊகம், அதாவது கருதுகோள். அயோடின் ஜாடிகள் தெளிவாகக் குறைவாகப் பொங்கினால் நான் தோற்றேன். ‘குறைவாக வந்தாலும் குளிர்தான் காரணம்’ என்று அப்புறம் சால்ஜாப்பு சொல்ல இடமிருந்தால், கேள்வி இன்னும் முடியவில்லை என்று பொருள்.

‘தெளிவாக’ என்பது எவ்வளவு? அதற்கு ஒரு ஒத்திகை. ஒரே மாவு, ஒரே உப்பு, மூன்று ஜாடி. எதையும் மாற்றாதபோதே அவை அரை சென்டிமீட்டர் வரை வேறுபட்டால், நாளைக்கு இரண்டு உப்புக்கும் நடுவே வரும் அரை சென்டிமீட்டருக்கு மதிப்பில்லை. ஒரு வகைக்கு ஒரு ஜாடி போதாது, குறைந்தது மூன்று வேண்டும் என்பதும் அப்போது புரியும். ஜாடிகளில் எண் மட்டும் ஒட்டுங்கள். எது எந்த உப்பு என்பது அளப்பவருக்குத் தெரியக் கூடாது. வீட்டில் தங்கையோ தம்பியோ அந்த ரகசியத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

படி 6: முழுசாக எழுதுங்கள்

‘ஒரே தடவையில் அரைத்த 200 கிராம் இட்லி மாவில், 2 கிராம் அயோடின் இல்லாத உப்புக்குப் பதில் 2 கிராம் அயோடின் கலந்த உப்பைச் சேர்த்தால், 30 டிகிரி செல்சியஸில் 10 மணி நேரத்தில் மாவு ஏறும் உயரம் குறைகிறதா?’

நீளம்தான். வாசிக்க அழகாகவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் யாரும் நீங்கள் பக்கத்தில் இல்லாமலே சோதனையைச் செய்து பார்க்கலாம். இதே வாக்கியத்தில் உப்பின் வகையை எடுத்துவிட்டு, ‘2 கிராமுக்குப் பதில் 4 கிராம்’ என்று போட்டால் அடுத்த கேள்வி தயார். வீட்டில் சொன்ன கதைக்கு விடை அங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம்.