அன்று சொன்ன எதிர்காலமும் இன்றைய வன்னியும்: ஒப்பிடும்போது விடக்கூடாத பிழைகள்

பாடசாலைக் கண்காட்சிகளில் 'அன்று சொன்னது, இன்று நடந்தது' என்றொரு பலகை அடிக்கடி வைக்கப்படுகிறது. ஒரு பக்கம் பறக்கும் கார், மறுபக்கம் கைத்தொலைபேசி. ஒன்றுக்குப் பிழை, மற்றதற்குச் சரி என்று அடையாளம் போட்டு முடித்துவிடுவார்கள். அப்படி முடித்தால் அந்த எதிர்வுகூறல் ஏன் பொய்த்தது என்பதும் தெரியாது, ஊர் எப்படி மாறியது என்பதும் தெரியாது. இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் இதைச் செய்கிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. இங்கே வந்த வசதி போனதும் உண்டு, போனது பல வருடம் கழித்துத் திரும்பி வந்ததும் உண்டு.

முதற்பிழை, மேற்கோளை அப்படியே நம்புவது. "உலகத்துக்கே ஐந்து கணினி போதும்" என்று ஐபிஎம் தலைவர் தோமஸ் வாட்சன் 1943இல் சொன்னதாகப் பகிர்கிறார்கள். அவர் சொன்னதற்கு எந்தப் பதிவும் இல்லை. "கண்டுபிடிக்கவேண்டியதெல்லாம் கண்டுபிடித்தாயிற்று" என்று 1899இல் அமெரிக்கக் காப்புரிமை ஆணையாளர் சொன்னதாக வருவதும் அப்படியானதே. எந்த வெளியீடு, எந்தத் திகதி, எந்தப் பக்கம் என்ற மூன்றுக்கும் விடை கிடைக்காத மேற்கோளைப் பலகையில் ஏற்றாதீர்கள். ஈழத்துப் பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் தேடுவதற்கு 'நூலகம்' எண்ணிம நூலகம் இருக்கிறது. அங்கே வருடி ஏற்றப்பட்ட பக்கத்தையே பார்க்கலாம். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது எத்தனையோ பிரதிகள் அழிந்துபோன நமக்கு இது பெரிய உதவி.

அடுத்தது, ஒரு எதிர்வுகூறலை முழுசாக எடுத்துச் சரி, பிழை சொல்வது. அதைப் பிரித்துப் பார்க்கவேண்டும்: என்ன பொருள், எப்போது வரும், யாருக்கு, என்ன விலைக்கு, எது அதை இயக்கும். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945 ஒக்ரோபரில் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று செய்மதிகளை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்றார். உயரமும் கணக்கும் சரி. 1964இல் சின்கொம் 3 என்ற செய்மதி அந்தப் பாதையில் நின்றது. ஆனால் அந்த நிலையங்களில் ஆட்கள் தங்கிப் பராமரிப்பார்கள் என்றே அவர் எண்ணினார். அன்றைய வானொலிக் கருவிகள் அடிக்கடி எரிந்துபோகும் வெற்றிடக் குழாய்களால் ஆனவை, மாற்ற ஆள் வேண்டும். 1947இல் வந்த, குழாய்க்குப் பதிலான திரான்சிஸ்டர் அந்தத் தேவையை இல்லாமலாக்கிவிட்டது. அவர் பிழைவிட்ட இடம் வானம் அல்ல, உதிரிப்பாகம். இந்த வேறுபாட்டைப் பலகையில் எழுதினால்தான் பார்க்கிற பிள்ளைக்குப் பயன்.

முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியும் இப்படித்தான். 1964 நியூயோர்க் உலகக் கண்காட்சியில் ஏடி அன்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் அதைக் காட்டியது. பொதுக் கூடங்களில் இருந்து மூன்று நிமிடம் பேச 16 முதல் 27 டொலர். 1970இல் பிட்ஸ்பர்க்கில் மாதம் 160 டொலருக்கு இணைப்புக் கொடுத்தார்கள், எடுபடவில்லை. 1980இல் இதைப் பார்த்திருந்தால் பொய்த்த கணிப்பு என்றே எழுதியிருப்போம். இன்று விசுவமடுவில் இருக்கும் அம்மம்மா ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறா. 1970இல் விற்றவர்கள் முதலில் எண்ணியது அலுவலகங்களை. ஆனால் போரும் புலம்பெயர்வும் சிதறடித்த குடும்பங்களுக்கே இது இன்று இவ்வளவு பயன்படுகிறது. ஆகவே 'யாருக்கு' என்ற நிரலை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள்.

மிக அதிகம் விடப்படும் பிழை, ஒரே ஒரு திகதியில் நின்று தீர்ப்புச் சொல்வது. 1900 டிசம்பரில் ஜோன் எல்ஃப்ரெத் வொட்கின்ஸ் என்ற அமெரிக்கர் அடுத்த நூறு வருடம் பற்றி ஒரு பட்டியல் வெளியிட்டார். படங்களைத் தந்தி வழியே எவ்வளவு தூரத்துக்கும் அனுப்பலாம் என்றதும் அதில் உண்டு, நுளம்பே இராது என்றதும் உண்டு. காடும் குளமும் சூழ்ந்த வன்னியில் குடியேறியவர்களுக்கு மலேரியாதான் மிகப்பெரிய தடை, ஆகவே இந்தக் கணிப்பு நமக்கு நெருக்கமானது. 1940களின் நடுவில் டிடிரி என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிக்கத் தொடங்கி, 1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். அந்த வருடம் பலகை செய்திருந்தால் பெரிய சரி போட்டிருப்பீர்கள். தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1968, 1969இல் இலட்சக்கணக்கானோருக்கு மீண்டும் வந்தது. போர்க்காலத்தில் வடக்கில் திரும்பவும் பெருகியது. 2012 ஒக்ரோபருக்குப் பின் மூன்று வருடத்துக்கு மேலாக உள்ளூரில் தொற்றியவர் பதிவாகவில்லை, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அதே 2016 முடிவில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற, கிணற்றிலும் தொட்டியிலும் பெருகக்கூடிய மலேரியா நுளம்பு கண்டறியப்பட்டது. டெங்கு நுளம்போ போகவேயில்லை. நோய் போவதும் நுளம்பு போவதும் வேறு வேறு; இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் கிணற்றை மூடும் அக்கறைதான் குறையும். இப்படியான விடயங்களுக்கு ஒரு புள்ளி போதாது, குறைந்தது நான்கு வருடங்களின் நிலையைக் குறியுங்கள்.

உலகத்தின் திகதியை ஊரின் திகதியாக எழுதுவதும் பிழை. மின்சாரம் அளந்து காசு வாங்கத் தேவையில்லாத அளவுக்கு மலிவாகும் என்று அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் 1954இல் சொன்னார். அது உலகில் எங்கும் நடக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் மின்சாரம் இல்லாத 1990களில் வன்னிப் பிள்ளைகள் ஜாம் போத்தலில் செய்த விளக்கில் படித்தார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள், மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. பிறகு கம்பித் தொலைபேசியைக் காணாத வீடுகளுக்கே நேராகக் கைத்தொலைபேசி வந்தது. 2022 மார்ச் 31இல் நாடு முழுவதற்கும் 13 மணித்தியால மின்வெட்டு. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் மேலும் ஐந்து நிரல் கீறுங்கள்: உலகில் முதலில் விற்பனைக்கு வந்த ஆண்டு, இலங்கைக்கு வந்த ஆண்டு, ஊருக்கு முதலில் வந்த ஆண்டு, பாதி வீடுகளுக்கு வந்த ஆண்டு, இல்லாமற்போன காலம். கடைசி நிரலை மற்ற ஊர்க்காரர் விட்டாலும் நாம் விடக்கூடாது.

பொய்த்த கணிப்பை வீண் பேச்சு என்று தள்ளுவதும் சரியல்ல. 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்று 1968இல் அமெரிக்க உயிரியலாளர் போல் எர்லிக் எழுதினார். அந்த அளவுக்கு நடக்கவில்லை, ஏனெனில் ஆட்கள் வேலை செய்தார்கள். இலங்கையின் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய எச்4 நெல் 1958லேயே வெளிவந்தது, பிறகு அங்கிருந்தே பிஜி நெல்லினங்கள் வந்தன. ஆனால் அந்த விளைச்சல் உரத்திலும் குளத்து நீரிலும் நிற்கிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது மழைக்காலப் பெரும்போக விளைச்சல் எப்படிச் சரிந்தது என்பதை இரணைமடுக் கமக்காரருக்கு எவரும் சொல்லித்தரவேண்டியதில்லை. 'ஏன் பொய்த்தது' என்ற கேள்விக்கு ஒரு பந்தி ஒதுக்குங்கள்.

தவணை வராததற்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். 1930இல் பொருளியலாளர் கெய்ன்ஸ், நூறு வருடத்தில் கிழமைக்கு 15 மணித்தியால வேலை போதும் என்றார். தவணை 2030. ஆனாலும் இப்போதே ஒன்றைக் கவனிக்கலாம்: பலர் நாள்முழுதும் கையால் நெல் அருவி வெட்டிய ஒரு ஏக்கரை வெட்டுமெசின் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் முடிக்கிறது, அந்த மெசினின் கூலிக்கு உழைக்கவே மிஞ்சிய நேரம் போகிறது. ஆபத்தான வேலையை இயந்திர மனிதன் செய்வான் என்ற கணிப்புக்கு போர் முன்னரங்காக இருந்த முகமாலையைப் பாருங்கள்; அங்கே பெண்களும் ஆண்களும் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாகப் பெரும்பாலும் கையால்தான் கண்ணிவெடி அகற்றிவந்திருக்கிறார்கள்.

முதியவர்களிடம் திகதி கேட்கும்போது "எந்த வருடம்?" என்று கேட்டால் ஐந்து, பத்து வருடம் பிசகும். "1964 புயலுக்கு முன்னமோ பின்னமோ?", "ஏ9 பாதை 2002இல் திறந்த நேரம் இது இருந்ததோ?", "சுனாமிக்குப் பிறகோ?" என்று தெரிந்த நிகழ்வோடு சேர்த்துக் கேளுங்கள். ஒரு பொருளுக்குக் குறைந்தது மூன்று வீடு: பிரதான வீதியோரம் ஒன்று, குடியேற்றத் திட்டத்துக்குள் ஒன்று, காட்டோரக் கிராமத்தில் ஒன்று. மூன்று விடையும் வேறுபட்டால் சராசரி எடுக்காமல் மூன்றையும் அப்படியே எழுதுங்கள். இடப்பெயர்வு பற்றிப் பேச்சு வந்து சொல்பவருக்குக் கனத்தால், கொப்பியை மூடிவிட்டு இன்னொரு நாள் போங்கள்.