நெட்வொர்க்குக்கு வெளியே இருக்கும் தெரபிஸ்டிடம் குழந்தையைக் காட்ட இன்சூரன்ஸ் பணம் பெறும் வழி

அமெரிக்காவில் பேச்சுப் பயிற்சி தேவைப்படும் குழந்தைக்கு இன்சூரன்ஸ் நிறுவனத்தின் ஒப்பந்தப் பட்டியலில் (நெட்வொர்க்கில்) இருக்கும் தெரபிஸ்டுகளை அழைத்தால், பல மாதங்கள் காத்திருக்கச் சொல்வார்கள். அந்தப் பதிலே உங்களுடைய முதல் ஆதாரம். என் மகனுக்காக நான் பதினொரு இடங்களை அழைத்து, தேதி, நேரம், பேசியவர் பெயர், பதில் என நோட்டில் கோடு போட்டு எழுதினேன்: நான்கு எண்கள் வேலை செய்யவில்லை, மூவர் பெரியவர்களுக்கு மட்டுமே சிகிச்சை தருபவர்கள், மற்ற நால்வரும் புதிதாக யாரையும் சேர்க்கவில்லை.

அந்தப் பக்கத்தையும், பயிற்சி ஏன் தாமதமாகக் கூடாது என்று குழந்தை மருத்துவர் எழுதித் தந்த கடிதத்தையும் இணைத்து, "நெட்வொர்க் கேப் எக்ஸெப்ஷன்" (பட்டியலில் ஆள் கிடைக்காததால் வெளியே இருப்பவரிடம் போகத் தரும் விதிவிலக்கு) வேண்டுமென இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். முதல் வகுப்புக்கு முன்பே கேட்பது மிக முக்கியம். பின்னர் கேட்டால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். கேப் எக்ஸெப்ஷன் கிடைத்தால் நெட்வொர்க்குக்குள் இருப்பதைப் போன்ற பங்கை மட்டுமே உங்களிடம் கணக்கிடுவார்கள் என்றாலும், தெரபிஸ்ட் மீதித் தொகையை உங்களிடம் கேட்க முடியும் என்பதால், இன்சூரன்ஸ் நிறுவனமும் அவரும் உங்கள் குழந்தைக்கு மட்டும் ஒரு கட்டணத்தை ஒப்புக்கொள்ளும் "சிங்கிள் கேஸ் அக்ரிமென்ட்" ஒன்றையும் கேட்டுப் பெறுங்கள்.

இவை கிடைக்காவிட்டால், பிபிஓ திட்டம் (நெட்வொர்க்குக்கு வெளியே போனாலும் ஒரு பங்கு தரும் வகை) வைத்திருப்பவர்கள் பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பப் பெறலாம். ஆனால் தெரபிஸ்ட் 200 டாலர் வாங்கினாலும், நிறுவனம் ஏற்கும் தொகை 120 டாலராகவும் உங்கள் திட்டம் தருவது 60 சதவீதமாகவும் இருந்தால், டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நீங்களே கட்ட வேண்டிய தொகை) முடிந்த பிறகும் கைக்கு வருவது 72 டாலர்தான். இன்சூரன்ஸுக்கு அனுப்ப தெரபிஸ்ட் தரும் விவரமான பில்லான சூப்பர்பில்லில் நோய்க் குறியீடு, சிகிச்சைக் குறியீடு (தனிப் பேச்சுப் பயிற்சிக்கு 92507), அவருடைய என்பிஐ எண் (சிகிச்சை தருபவரின் தேசிய அடையாள எண்) மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நோய்க் குறியீடு விடுபட்டதால் எங்களுடைய முதல் பில் அப்படியே திரும்பி வந்தது.

மறுப்புக் கடிதம் வந்தால் 180 நாட்களுக்குள் அப்பீல் செய்யலாம். எந்த அளவுகோலை வைத்து மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள், அதைத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். மருத்துவத் தேவை இல்லை என்று அப்பீலையும் தள்ளினால், நான்கு மாதங்களுக்குள் நிறுவனத்தைச் சாராதவர்கள் செய்யும் வெளி மறுஆய்வைக் கோரலாம்; அதன் முடிவு இன்சூரன்ஸ் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். வேலை தரும் நிறுவனமே செலவை ஏற்கும் திட்டமாக இருந்தால் மாநிலச் சட்டங்கள் பெரும்பாலும் பொருந்தா. எனவே அது எந்த வகைத் திட்டம் என்பதை எச்ஆரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.