பழைய பாஞ்சோ உகுலேலே: தோலைப் பார்த்து முறுக்குங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீட்டு அலமாரி மேல் 1920களின் பாஞ்சோ உகுலேலே (மத்தளம் போல் தோல் போர்த்திய, நான்கு தந்திச் சிறு இசைக்கருவி) ஏதும் கிடக்கிறதா? முதலில் தோலைத் தட்டிப் பாருங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் கன்றுத்தோல்தான். நம் ஊர் மழை ஈரத்தில் அது தொய்ந்து, சத்தம் மந்தமாகிவிடும். உடனே, தோலைச் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும் எல்லாக் கொக்கிகளையும் இறுக்கிவிடாதீர்கள்! ஏர்கோன் அறைக்குள் போனதும் தோல் காய்ந்து, சுருங்கிக் கிழியலாம். அப்படிக் கிழிந்த ஒன்றைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். வெயில் காயும் நாளாகப் பார்த்து, கொக்கிகளின் நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று போதும்.

தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டான பாலத்தைத் தோலில் ஒட்டியிருக்க மாட்டார்கள், தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். கழற்றுமுன் பென்சிலால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நைலான் தந்தியே போடுங்கள். இரும்புத் தந்தி இழுத்தால் கழுத்து வளைந்துவிடும்.