பியூரிட்டன் சமூகமும் பிறன்மனை உறவும்: புராஜெக்ட் எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஏப்ரல் வந்தால் எம்.ஏ. ஆங்கில இலக்கிய மாணவர்களின் புராஜெக்ட் கட்டுகள் என் மேசைக்கு வந்து சேரும். ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலை எடுத்தவர்கள் எப்படியும் சிலர் இருப்பார்கள். பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் குடியேறிய அமெரிக்க பாஸ்டனில், பிறன்மனை உறவுக்காக ஒரு பெண் மார்பில் சிவப்பு ஏ எழுத்தை அணிய நேரும் கதை அது. என் தலைமுறை செய்த அதே தப்புகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். எழுத்துப்பிழையைப் பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

நாவலைச் சட்டப் புத்தகமாக நம்புவது

இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். "1640களில் பாஸ்டனில் சோரம்போன பெண்கள் மார்பில் சிவப்பு ஏ எழுத்து அணிந்தார்கள்" என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுகிறார்கள். நாவல் வந்தது 1850இல். கதை நடக்கும் காலத்தில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் அந்தக் குற்றத்துக்கு மரண தண்டனை. 1641 சட்டத்தொகுப்பு பைபிள் வசனங்களைக் காட்டியே அதை விதித்தது.

சட்டம் ஏட்டோடு நிற்கவுமில்லை. 1644 மார்ச்சில் பாஸ்டனில் மேரி லேதம், ஜேம்ஸ் பிரிட்டன் இருவரும் கொல்லப்பட்டார்கள். மேரிக்குப் பதினெட்டு வயது இருக்கும். விரும்பியவன் கைவிட்டதும், அடுத்து யார் கேட்டாலும் கட்டிக்கொள்வேன் என்று வீம்பாகச் சொல்லி, ஒரு கிழவருக்கு வாழ்க்கைப்பட்டவள். பிரிட்டன் நோயில் விழுந்தபோது மனசாட்சி உறுத்தித் தானே வாயைத் திறந்தார். நேரில் பார்த்த இரண்டு சாட்சிகள் இல்லையே என்று நீதிபதிகளில் சிலர் தயங்கினார்கள்; ஜூரி தயங்கவில்லை. மேரி இன்னும் பன்னிரண்டு ஆண்களின் பெயரைச் சொன்னாள். அகப்பட்டவர்கள் மறுத்தார்கள், அவள் சொல்லைத் தவிர வேறு சாட்சியம் இல்லை, விட்டுவிட்டார்கள். எல்லாம் ஆளுநர் ஜான் வின்த்ரோப்பின் நாட்குறிப்பில் இருக்கிறது. நாவலை மட்டும் படித்தவருக்கு மேரி யாரென்றே தெரியாது.

சரி, எழுத்து எங்கிருந்து வந்தது? பக்கத்துக் குடியேற்றமான பிளிமத்தின் 1658 சட்டம், பிறன்மனை உறவைக் குறிக்கும் adultery என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளான ஏ, டி இரண்டையும் துணியில் வெட்டி மேலாடையின் கையிலோ முதுகிலோ தைக்கச் சொன்னது. கூடவே இரண்டு முறை கசையடி. மாசசூசெட்ஸ் 1694இல்தான் ஒற்றை ஏ-க்கு வந்தது. அதே சட்டப்படி கழுத்தில் கயிற்றோடு தூக்குமேடையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், நாற்பது வரை கசையடியும் உண்டு. எழுத்து இரண்டு அங்குல உயரம், உடைக்கு மாறான நிறம். சிவப்பு என்று சட்டத்தில் இல்லை.

ஒரு மாணவி சிவப்பு நிறத்தின் பாவக் குறியீட்டை அன்றைய சட்டத்திலிருந்தே நிறுவுவதாக ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தாள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளித்தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்த வருஷத்துச் சட்டம்மா?" அத்தியாயத்தைத் திருப்பி எழுதிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து கிடைத்தது. அதற்குள் அவள் விண்ணப்பிக்க நினைத்த வேலைக்குக் கடைசித் தேதி போய்விட்டது.

ஆணுக்குத் தண்டனையே இல்லை என்பது

உண்டு, பிரிட்டன் செத்தாரே. ஓரவஞ்சனை இருந்தது குற்றத்தின் வரையறையில். பெண் மணமானவளாகவோ நிச்சயிக்கப்பட்டவளாகவோ இருந்தால்தான் உயிர் போகும் குற்றம். மணமான ஆண் மணமாகாத பெண்ணோடு போனால் அபராதம், கசையடி என்ற அளவில் முடிந்துவிடும். பெண்ணிய வாசிப்பு எழுதுகிறவர்கள் பிடிக்க வேண்டிய இடம் இது. பாதிப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மாசசூசெட்ஸின் சேலம் ஊர்ச் சூனிய வழக்குகளைக் கலப்பது

1692. வேறு குற்றம். வேண்டாம்.

பியூரிட்டன் என்றால் அமெரிக்கா மட்டும் என்பது

இங்கிலாந்து நாடாளுமன்றமே 1650இல் இதற்கு மரண தண்டனை விதித்தது. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் அந்தச் சட்டம் போயிற்று.

நீதிமன்றத்தையும் திருச்சபையையும் ஒன்றாக்குவது

கசையடி கொடுத்தது நீதிமன்றம். சபையால் முடிந்தது கண்டிப்பதும் விலக்குவதும்தான். போதகர்கள் அரசுப் பதவி வகிக்கவும் முடியாது. விலக்கப்பட்டவர் எல்லோர் முன்னும் எழுந்து நின்று பாவத்தை அறிக்கையிட்டால், மனந்திரும்பியது உண்மை என்று சபை நம்பினால், திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு சீக்கிரமே குழந்தை பிறந்த தம்பதிகள்கூட இப்படி நின்றிருக்கிறார்கள். 'ஊரே கல்லெறிந்து துரத்தியது' என்று எழுதும் முன் சபைப் பதிவேடுகளில் நாலு பக்கமாவது புரட்டுங்கள்.